ஹவானாவில் காணி கொடுத்தார்கள்

2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் மரக்கறி நடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது நினைவிருக்கும். பெற்றோல் வரிசையில் நின்றபடி அந்தச் செய்தியை வாசித்துச் சிரித்தவர்கள் நாங்கள். அந்த நாட்களில் எங்கள் வட்டத்தில் யார் வாய் திறந்தாலும் கியூபா வந்தது. "கியூபாக்காரர் செய்தவைதானே, எங்களால ஏன் ஏலாது?" என்பார் ஒருவர். "சேதனப் பசளையில நாடே நிமிர்ந்தது" என்பார் இன்னொருவர். அதற்கு முதல் வருடம்தான் இரசாயனப் பசளை இறக்குமதியைச் சடுதியாகத் தடைசெய்து, விவசாயிகள் தெருவுக்கு வந்த பிறகு நவம்பரில் தடையைக் கைவிட்ட கூத்தையும் பார்த்திருந்தோம். அதனால் கியூபாவில் என்னதான் நடந்தது என்று ஆறுதலாக இருந்து வாசித்தோம். கேள்விப்பட்ட கதையும் நடந்த கதையும் ஒன்றில்லை.

1989 வரைக்கும் கியூபா ஒரு இயற்கை விவசாய நாடே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. சீனியை நல்ல விலைக்கு சோவியத் ஒன்றியம் வாங்கியது. எண்ணெய், உழவு இயந்திரம், பசளை, கிருமிநாசினி எல்லாம் அங்கிருந்து வந்தன. சாப்பாட்டில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வந்தது. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது வெளிநாட்டு வர்த்தகத்தில் ஏறத்தாழ 80 வீதம் போய்விட்டது. எரிபொருள் பாதியானது, பசளை இறக்குமதி கால்வாசிக்கு இறங்கியது. 1992 இல் அமெரிக்கா தன் தடையை இன்னும் இறுக்கியது. உழவு இயந்திரங்கள் நின்ற இடத்தில் நிற்க, எருதுகளைத் திரும்பப் பழக்கினார்கள்.

அரசாங்கம் இதற்கு 'சமாதான கால விசேட காலகட்டம்' என்று பெயர் வைத்தது. பெயர் அழகு, உள்ளே பசி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,900 கலோரி அளவில் கிடைத்த இடத்தில் 1,900 க்கும் கீழே போனது. ஆட்கள் சராசரியாக 5 கிலோவுக்கு மேல் மெலிந்தார்கள். விற்றமின் குறைபாட்டோடு வந்த நரம்பு நோயில் 50,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குப் பார்வை மங்கியது. சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேல் சைக்கிள் இறக்கினார்கள்.

அதே வருடங்கள்தான் யாழ்ப்பாணத்தில் எங்கட அம்மா அப்பாமாரின் ஜாம் போத்தல் விளக்குக் காலமும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, யூரியாவும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது எல்லாம் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். ஹவானாக்காரரை வாசிக்கும்போது ஒன்றுவிட்ட சொந்தக்காரரை வாசிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் கதை பிரிகிறது. அது காணி.

ஹவானாவில் 20 இலட்சத்துக்கு மேல் சனம். கிராமத்தில் விளைந்தாலும் கொண்டுவர லொறிக்கு டீசல் இல்லை. அப்போ சாப்பாடு ஆட்கள் இருக்கிற இடத்திலேயே விளைய வேண்டும். முதலில் சனம் யாரையும் கேட்கவில்லை. குப்பை கொட்டின வளவு, இடிந்து விழுந்த கட்டடத்தின் வெற்றிடம், பாடசாலைப் பின்புறம் என்று கிடைத்த இடத்தையெல்லாம் கொத்தினார்கள். குளியல் தொட்டியில் பன்றி வளர்த்தவர்களும் உண்டு. அரசாங்கம் அவர்களைத் துரத்தவில்லை என்பதுதான் விஷயம். பயன்படுத்தாமல் கிடக்கும் காணியைப் பயிர் செய்யும்வரை வாடகை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று உரிமை கொடுத்தது. உறுதி உங்கள் பேரில் வராது, ஆனால் விளைச்சல் உங்களுடையது.

நகரத்து மண் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே: சீமெந்து, கண்ணாடி, கல். அதற்கு அவர்கள் கண்ட வழிக்குப் பெயர் 'ஓர்கனோபோனிக்கோ'. மண் இல்லாமல், இரசாயனக் கரைசலில் மரக்கறி வளர்க்கும் தொட்டிகள் கியூபாவில் முன்பே இருந்தன. கரைசலுக்கு மருந்து வரவில்லை. தொட்டிகள் சும்மா கிடந்தன. அதற்குள் மண்ணையும் கூட்டெருவையும் கலந்து கொட்டினார்கள், அவ்வளவுதான். பிறகு தொட்டி இல்லாத இடத்தில் சீமெந்துக் கல், உடைந்த ஓடு, பலகை என்று எதையாவது அடுக்கி நீளப் பாத்தி கட்டினார்கள். அடியில் கொங்கிரீற் தரை இருந்தாலும் மேலே சலாது வளரும். பூச்சிக்குச் சுற்றிவரச் சோளமும் செவ்வந்தியும். பிறகு எங்கட வேம்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. நகர எல்லைக்குள் இரசாயனக் கிருமிநாசினி கூடாது என்று சட்டம் வந்தது. அந்த நேரம் அது ஏற்கெனவே கைக்கு எட்டாத பொருள் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்களுக்கு முக்கியமாகப் பட்ட இடம் இது. சேதன விவசாயம் வானத்திலிருந்து விழவில்லை. பூச்சியைத் தின்னும் பூச்சியையும் பூஞ்சணத்தையும் வளர்க்கும் ஆய்வை கியூப விஞ்ஞானிகள் 1980களிலேயே தொடங்கியிருந்தார்கள். நெருக்கடி வந்தபோது அதைச் சின்னச் சின்ன நிலையங்களாக நாடெங்கும் பரப்பினார்கள், 200 க்கு மேல். விதையும் கூட்டெருவும் விற்கும் கடைகள் நகருக்குள் வந்தன. ஒவ்வொரு வட்டாரத்திலும் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. 2021 இல் எங்கட கமக்காரருக்குக் கிடைத்தது ஒரு வர்த்தமானி அறிவித்தல்.

இன்னொன்று சந்தை. 1994 ஓகஸ்டில் ஹவானா கடற்கரை வீதியில் சனம் கிளர்ந்தது, பல்லாயிரம் பேர் தெப்பம் கட்டிக் கடலில் இறங்கினார்கள். ஒக்டோபரில் விவசாயிகள் தாங்களே விலை வைத்து விற்கும் சந்தையை அரசாங்கம் திறந்தது. நல்லெண்ணத்தில் திறந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் தோட்டம் செய்வது கைச்செலவுக்குக் காசு தரும் வேலையானது. காலையில் பிடுங்கின கீரையை வாசலில் வைத்து விற்கலாம். ஓய்வூதியக்காரருக்கும் வேலை நின்ற தொழிற்சாலைக்காரருக்கும் அது சம்பளத்தைவிடப் பெரிய காசாக இருந்தது.

அலமார் என்ற இடத்தைச் சொல்லாமல் போகேலாது. ஹவானாவுக்குக் கிழக்கே, 1970களில் தொழிலாளரே குழுக்களாகச் சேர்ந்து கட்டின பிரமாண்டமான தொடர்மாடிக் குடியிருப்பு. சாம்பல் நிறப் பெட்டி பெட்டியான கட்டடங்கள், படம் பார்த்தால் கொழும்புத் தொடர்மாடி என்று நினைப்பீர்கள். 1997 இல் அந்தக் கட்டடங்களுக்கு நடுவில் இருந்த தரிசில் ஒரு சிலர் தொடங்கின கூட்டுறவுத் தோட்டம் பிறகு 10 ஹெக்டயர் அளவுக்கு வளர்ந்து, 150 பேர் அளவில் வேலை செய்யும் இடமாகியது. லாபத்தை உறுப்பினர்கள் பகிர்ந்தார்கள். வாங்கினது பக்கத்து மாடிக்காரர். பகிடி என்னவென்றால், சோறு, அவரை, பன்றி என்று சாப்பிட்டுப் பழகின சனத்துக்கு இவ்வளவு பச்சை இலையை என்ன செய்வது என்றே ஆரம்பத்தில் தெரியவில்லை. அதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இனி, படங்களில் சொல்லாத பக்கம். இந்தத் தோட்டங்கள் கியூபாவுக்குச் சோறு போடவில்லை. கீரை, தக்காளி, வெள்ளரி கொடுத்தன. அரிசி, கோதுமை மா, எண்ணெய், பால்மா தொடர்ந்தும் கப்பலில்தான் வந்தன. 2001 க்குப் பிறகு தடை போட்ட அமெரிக்காவிடமிருந்தே உறைந்த கோழி இறக்கினார்கள். 2024 இல் சிறுபிள்ளைகளுக்குப் பால்மா போதாமல் உலக உணவுத் திட்டத்திடம் உதவி கேட்டார்கள். அப்பிடியென்றால் தோட்டங்கள் தோல்வியா? நாங்கள் அப்பிடி நினைக்கவில்லை. 1,900 கலோரியில் இருக்கிற ஒரு வீட்டுக்கு ஒரு பிடி கீரை என்ன என்று அந்த வீட்டைத்தான் கேட்க வேண்டும். தன்னிறைவு என்ற பெரிய சொல்லை அதன் தலையில் ஏற்றியவர்கள் அமைச்சர்களும் ஆவணப்படக்காரரும்.

நாங்கள் பிடித்துக்கொள்வது காணியைத்தான். ஹவானாவில் 90களில் வெற்றுக்காணி சனத்தின் கைக்குப் போனது. அதே 90இல் வலிகாமம் வடக்கின் செம்மண் சனத்தின் கையிலிருந்து போனது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகள் துண்டு துண்டாகத்தான் திரும்பி வருகின்றன. கொழும்பில் போருக்குப் பிறகு வத்தைகளைக் கிளறி ஆட்களை மாடிகளுக்கு ஏற்றினார்கள். வத்தையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை நட இடம் இருந்தது. மாடியில் நடைபாதைதான் இருக்கிறது.

எங்களோடு எழுதுகிற ஒருத்தியின் குடும்பம் அப்படியொரு மாடியில் இருக்கிறது. 2022 இல் அவளின் அம்மா பெயின்ற் வாளிகளில் பச்சை மிளகாயும் வல்லாரையும் வைத்தா. நடைபாதையை மறிக்கிறது, எடுங்கோ என்றார்கள். கட்டடத்துக்குப் பின்னால் புல் மண்டிக் கிடக்கிற துண்டில் எல்லாருமாகச் சேர்ந்து நடலாமா என்று முப்பது வீட்டார் கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. வாளிகளில் இரண்டை இப்போது குசினி யன்னலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறா.