நெடிய இரவின் இசை

டிசம்பர் 21ஆம் நாள் பாரிஸ் நகரில் பகற்பொழுது ஏறத்தாழ எட்டேகால் மணிநேரமே. ஆண்டின் நெடிய இரவு தொடங்கும் அம்மாலையில், மரியாவின் பாடலுக்குரிய முன்மொழியில் திருச்சபை கிறிஸ்துவை விடியலாக விளித்து அழைக்கிறது. மறுநாள் பகல் வளர்கிறது. ஆனால் சில வினாடிகளே. கண்ணுக்கு அது புலப்படாது.

துயரம் தணிவதும் இவ்வாறே. இதனை இசையில் உணர்த்தியவர், அந்நகரில் 1932இல் பிறந்த எலியான் ராதிக் அம்மையார். புத்த நெறியைத் தழுவிய அவர், ஏ.ஆர்.பி. 2500 என்னும் மின்னிசைக் கருவியின் ஒலிகளை நாடாவில் பதிந்து, இறப்பைப் பற்றிய ‘கியேமா’வை 1988இல் நிறைவுசெய்தார். மறு ஆண்டே அவர்தம் மகன் ஈவ் சாலை விபத்தில் மாண்டார். சிந்தனையில் இருந்த மரணம் இல்லத்துள் நுழைந்தது.

தாய் பணியைக் கைவிடவில்லை. கயிலை மலையை மனத்தால் வலம்வரும் ‘கைலாஷா’ 1991இலும், ‘கூமே’ 1993இலும் நிறைவுற்றன. மூன்றும் சேர்ந்து மூன்று மணிநேரத்திற்குச் சற்றே குறைவு. பாட்டில்லை, தாளமில்லை. ஓர் ஒலி அசையாது நிற்பதாகத் தோன்றும். பொறுத்துக் கேட்டால் வேறொன்றாகியிருக்கும். மாறிய கணத்தை எவரும் சுட்டிக்காட்ட இயலாது. இறுதிப் பகுதியில் அவர் நாடியது, சாவின் வெற்றி எங்கே என வினவும் தூய பவுலின் சொல்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 15ஆம் அதிகாரம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும், ‘இனி அழாதே’ என்று நாம் எத்தனை பேரை அவசரப்படுத்தியிருக்கிறோம்! ஆறுதல் சொல்லுமுன், அவர்கள் அருகே மூன்று மணிநேரம் மௌனமாய் அமர்ந்திருக்க நமக்குப் பொறுமை உண்டா?