வாழ்நாள் வேலைமுறை (ஜப்பான்)

கல்வி முடித்து ஒரு நிறுவனத்தில் சேர்பவர் ஓய்வு வயதுவரை அங்கேயே பணியாற்றும் ஜப்பானிய வழக்கம். சட்டம் விதித்ததன்று, எழுதப்படாத உடன்பாடு. பணிமூப்பு ஊதியமும் நிறுவனவாரித் தொழிற்சங்கமும் இதன் துணைக் கூறுகள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெரிய நிறுவனங்களில் வேரூன்றிய இம்முறையை, 1958-இல் வெளிவந்த ஜேம்ஸ் அபெக்லனின் நூல் வெளியுலகில் பரவலாக அறியச் செய்தது.

வேலை உறுதி, ஆண்டுக்கு இருமுறை போனஸ், ஓய்வுக்காலத் தொகை ஆகியவை இதன் நன்மைகள். புதியவர்கள் வழக்கமாக ஏப்ரல் 1 அன்று ஒன்றாகச் சேர்வர். குறிப்பிட்ட வேலைக்கென எடுக்கப்படாததால் எந்தப் பிரிவுக்கும் எந்த ஊருக்கும் மாற்றப்படலாம். குடும்பத்தை விட்டுத் தனியே மாற்றலாகிச் செல்வது வழக்கமாயிற்று.

மறுக்க இயலாத கூடுதல் நேர வேலையே இதன் ஆகக் கொடிய பக்கம். மிகைப்பணியால் நேரும் சாவு ‘கரோஷி’ எனப்படுகிறது. இதைத் தடுக்க 2014-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களில் கூடுதல் நேரத்துக்குப் பொதுவாக மாதம் 45, ஆண்டுக்கு 360 மணி என உச்சவரம்பு உள்ளது, விதிவிலக்குகளும் உண்டு.

பெண்களில் பெரும்பாலோர் தொடக்கமுதலே இம்முறையின் வேலை உறுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1990-களின் பொருளாதாரத் தேக்கத்துக்குப்பின் நிரந்தரமற்ற ஊழியர் பெருகினர். இன்று ஊழியருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அவர்களே.