சப்பாத்திக்கள்ளிப் பழத்தோல்: உணவு மதிப்பும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனும்

மெக்சிகோவில் பயிராகப் பண்படுத்தப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வழியாக மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் பரவிய ஓபுன்ஷியா ஃபைக்கஸ்-இண்டிகா என்னும் சப்பாத்திக்கள்ளி, இன்று மெக்சிகோவிலும் சிசிலியிலும் துனீசியா, மொராக்கோ போன்ற நாடுகளிலும் தோட்டப் பயிராக விளங்குகிறது. அதன் பழ எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறத்தாழப் பாதி வரை தோலே. சாறு பிழியும் ஆலைகளில் அது பெரும்பாலும் கழிவாகவே ஒதுக்கப்படுகிறது. இத்தோலில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள், அதாவது உயிரணுக்களின் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் வினைமிகு மூலக்கூறுகளை அடக்கும் சேர்மங்கள், மிகுந்துள்ளன என்று பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. தோல் உணவாகத் தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பெருமைக்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படும் எண்கள் வலுவற்றவை என்பதும், அதன் உண்மையான மதிப்பு வேறு கூறுகளில் தங்கியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

தோலின் இயல்பை அறிய அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். கள்ளிப்பூவின் சூலகம் தண்டுத் திசுவினுள் அமிழ்ந்து வளர்வதால், கனிந்த பழத்தைச் சூழ்ந்திருக்கும் தடித்த உறை தண்டின் நீட்சியாகவே அமைகிறது. மடல் போன்ற தண்டில் உள்ளவாறே முள்கண்களும், தொட்டவுடன் கையில் தைக்கும் சுணைக்கொத்துகளும் பழத்தின் மேலும் இருப்பது இதனாலேயே. வேதிக்கூறுகளும் இந்த உறவை உறுதிப்படுத்துகின்றன. நீரைப் பிடித்துவைக்கும் கொழகொழப்பு, அதாவது அராபினோஸ், காலக்டோஸ், ராம்னோஸ், சைலோஸ், காலக்டுரோனிக் அமிலம் ஆகியவை தொடுத்து அமைந்த பல்சர்க்கரை, தண்டில் போலவே தோலிலும் காணப்படுகிறது. சதை சர்க்கரையும் விதையுமாக இருக்க, தோல் நார்ச்சத்தும் தாதுக்களும் செறிந்ததாக இருப்பதை இவ்வழியே விளங்கிக்கொள்ளலாம். எனினும் இந்த மரபுரிமைக்கு ஒரு குறையும் உண்டு. தோலின் தாதுப் பட்டியலில் கால்சியம் உயர்ந்து நின்றாலும், அதில் ஒரு பகுதி கால்சியம் ஆக்சலேட் படிகங்களாக இறுகியிருப்பதால் குடலில் எளிதில் கரைவதில்லை. ஆகவே மொத்தக் கால்சியத்தை மட்டும் அளந்து தோலைக் கால்சியம் நிறைந்த உணவென அறிவிப்பது பொருந்தாது.

இந்த உறையை உண்பது புதுமையும் அன்று. மெக்சிகோவில் சோகொனோஸ்ட்லே எனப்படும் புளிப்புக் கள்ளிப்பழத்தில் மெல்லிய மேல்தோலைச் சீவி, நடுவிலுள்ள விதைத்திரளை அகற்றிவிட்டு, தடித்த சுவரையே குழம்பிலும் சட்னி வகைகளிலும் சேர்க்கின்றனர்.

ஆக்சிஜனேற்றத் தடுப்புக் குறித்த கூற்றுகளே நுணுகி ஆராயத்தக்கவை. பழத்திற்கு நிறம் தருபவை பெட்டாலைன்கள் என்னும் நைட்ரஜன் கொண்ட நிறமிகள். அவற்றுள் சிவப்புக்குப் பெட்டானினும், மஞ்சளுக்கு இண்டிகாசாந்தினும் தலைமையானவை. இவற்றுடன் ஐசோராம்னெட்டின் வகை ஃப்ளேவனாய்டுகளும் பிற ஃபீனால் சேர்மங்களும் தோலில் உள்ளன. இவற்றின் கூட்டுத்திறனை அளக்கும் முறைகளில் மூன்று இடர்ப்பாடுகள் தென்படுகின்றன. மொத்த ஃபீனாலை அளக்கும் ஃபோலின்-சியோகால்ட்டு வினைப்பொருள், வைட்டமின் சி போன்ற பிற ஒடுக்கும் பொருள்களுடனும் வினைபுரிந்து அளவை மிகைப்படுத்துகிறது. தடுப்புத் திறனை அளக்கும் டிபிபிஎச் சோதனையில் ஊதா நிறம் மங்குவதை 517 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிக் கணிக்கின்றனர். பெட்டானினோ 535 நானோமீட்டரை ஒட்டி ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், செந்நிறத் தோலின் சாறே அளவீட்டில் குறுக்கிடக்கூடும். இவ்விரண்டையும் விடப் பெரியது உலர் எடைக் கணக்கு: நூற்றுக்கு 85 பங்கு நீருள்ள தோலில் உலர்ந்த பொருள் 15 பங்கே என்பதால், உலர் எடையில் தரப்படும் எண் உண்ணும் நிலையிலுள்ள எண்ணைப் போல ஆறரை மடங்குக்கும் மேலாகத் தோன்றும். அதனைப் புதிய பழச்சதையின் எண்ணோடு ஒப்பிட்டுத் தோலே சிறந்தது என முடிவு கட்டுவது ஒப்பீடே ஆகாது. அமெரிக்க வேளாண்மைத் துறை, உணவுகளின் ஓராக் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மதிப்பெண் பட்டியலை 2012இல் திரும்பப் பெற்றது; சோதனைக்குழாய் எண் உடலில் நிகழும் பயனைக் காட்டாது என்பது அதற்கு ஒரு காரணம்.

உடலில் நிகழ்வதை அளந்த ஆய்வுகள் வேறொரு படத்தைத் தருகின்றன. பலெர்மோவில் நிகழ்ந்து 2004இல் வெளியான ஆய்வுகளில், பழச்சதையை உண்டவர்களின் சிறுநீரில் உட்கொண்ட இண்டிகாசாந்தினில் 76 விழுக்காடும், பெட்டானினில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான அளவும் கண்டறியப்பட்டன. நாள்தோறும் 500 கிராம் சதையை இரு வாரங்கள் உண்ட நலமுள்ளோரிடம் கொழுப்பு ஆக்சிஜனேற்றக் குறிகள் குறைந்தன. குழாயில் வலுவாகத் தெரியும் சிவப்பு நிறமி குருதியை அரிதாகவே எட்ட, மஞ்சள் நிறமி எளிதாகச் சேர்கிறது என்பது தோல் ஆய்வுக்கு மிகப் பயனுள்ள பாடம்: செந்நிறத் தோலை மட்டும் போற்றும் போக்கு மறுபரிசீலனைக்கு உரியது. இம்முடிவுகள் சதையைச் சார்ந்தவை என்பதையும், நார்ச்சத்து செறிந்த தோலுக்கு அவற்றை அப்படியே ஏற்ற முடியாது என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

எனவே தோலின் வலுவான தகுதிகள் நார்ச்சத்து, நிறம், கொழுப்பு ஆகிய மூன்றிலும் தேடத்தக்கவை. கொழகொழப்பு உணவைக் கெட்டிப்படுத்தி நீரைத் தக்கவைக்கிறது. பெட்டாலைன் நிறம் பிஎச் 3 முதல் 7 வரையிலான எல்லையில் பெரிதும் மாறாமல் நிற்பதால், ஆந்தோசயனின் நிறங்கள் திரியும் பாலுணவுகளிலும் அது பயன்படும்; பீட்ரூட் சாயத்துக்கு உள்ள மண்வாசனையும் இதற்கு இல்லை. தோலின் கொழுப்பு அளவில் சிறிதே; ஆயினும் அதில் லினோலியிக் அமிலமும் வைட்டமின் ஈயும் தாவர ஸ்டெரால்களும் சிறப்பாக உள்ளன என ஆய்வாளர்கள் ரமதானும் மோர்செலும் 2003இல் காட்டினர். தோலை உணவாக்கச் சுணையை முழுதும் நீக்குவதும், இவற்றைக் காக்க மிதவெப்பத்தில் நிழலில் உலர்த்துவதும் இன்றியமையாதவை. வெப்பமும் ஒளியும் காற்றும் பெட்டாலைனை விரைந்து சிதைக்கும்.

தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் வேலியோரங்களிலும் தானாக வளரும் சப்பாத்திக்கள்ளி, சிறிய கருஞ்சிவப்புப் பழம் தரும் ஓபுன்ஷியா டில்லெனி போன்ற வேறு இனங்களைச் சேர்ந்தது. சிசிலித் தோட்டப் பழத்தின் எண்களை அதற்கு எடுத்தாள்வது பிழை. அதன் தோலைத் தனியே எடுத்து, புதிய எடையிலும் உலர் எடையிலும் முடிவுகளைத் தந்து, ஆக்சலேட்டையும் கரையும் கால்சியத்தையும் பிரித்து அளந்து காட்டும் ஆய்வே அவ்வினத்தின் உணவு மதிப்பைப் பேசும் தகுதி உடையது.