செண்ட்மெயில்: பெயர் மட்டும் எஞ்சியது

யூனிக்ஸ் கணினிகளில் மடல்களைப் பிரித்தனுப்பும் பணியை நெடுங்காலம் பார்த்து வந்த மென்பொருள் செண்ட்மெயில். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 1979 வாக்கில் எழுதிய டெலிவர்மெயில் அதன் முன்னோடி. அன்று ஆர்ப்பாநெட், யுயுசிபி, பெர்க்நெட் என வலையமைப்புகள் பல; முகவரி எழுதும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றில் பெயருக்குப் பின் இடம் வரும். மற்றொன்றில் மடல் கடந்து செல்லும் கணினிகளை எல்லாம் வியப்புக்குறி இட்டு வரிசையாக அடுக்க வேண்டும். ஒரு முறையை இன்னொன்றாக மாற்றியெழுதும் விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வைத்தார் ஆல்மன். 1983-இல் 4.2 பிஎஸ்டியோடு பரவிய செண்ட்மெயிலின் வலிமை அக்கோப்பில்தான் இருந்தது. அவப்பெயரும் அதனாலேயே வந்தது: குறியீடுகள் மண்டிய அவ்வரிகளைப் படித்தறிவது தேர்ந்த நிர்வாகிகளுக்கே பெரும்பாடு.

1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் அவிழ்த்துவிட்ட புழு, பிழை களைவதற்கென செண்ட்மெயிலில் விடப்பட்டிருந்த வழியொன்றையும் வாயிலாக்கிக்கொண்டது. ஒரே பெரிய நிரல். அதுவும் கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்குவது. ஒரு விரிசல் போதும், எல்லாம் பறிபோக.

மாற்றுகள் வந்தன. 1995-இல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் எக்ஸிமைத் தொடங்கினார். கியூமெயிலை எழுதிய டி. ஜே. பெர்ன்ஸ்டைன், அதில் பாதுகாப்பு ஓட்டை காட்டுபவர்க்கு 500 டாலர் என 1997-இல் அறைகூவினார். ஐபிஎம் ஆய்வகத்தில் வீட்சே வெனெமா உருவாக்கிய போஸ்ட்ஃபிக்ஸ் 1998 இறுதியில் வெளியாயிற்று. பின்னிரண்டும் வேலையைச் சிறு நிரல்களாகக் கூறிட்டு, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு அதிகாரமே தந்தன.

நம்மை வியக்க வைப்பது மாற்றம் நடந்த விதம். மடல் அனுப்ப விழையும் பிற நிரல்கள் எண்ணற்றவை. அவை செண்ட்மெயில் என்று பெயர் சொல்லி அழைத்தே பழகியவை. அத்தனையையும் யார் திருத்துவது? எனவே புதியவை மூன்றும் அப்பெயருக்கே மறுமொழி தந்தன. பழைய கட்டளைக் குறிகளுக்கும் இணங்கின. செண்ட்மெயிலைச் சாடத் தயங்காத பெர்ன்ஸ்டைனும் இதற்கு விலக்கல்லர்! நெட்பிஎஸ்டி, அப்பெயரில் வெறும் வழிகாட்டி நிரலொன்றை அமர்த்தி, எந்த மென்பொருளிடம் வேலையைத் தருவது என்பதை ஒரு சிறு கோப்புக்கு விட்டது. ஃப்ரீபிஎஸ்டியும் அவ்வாறே செய்தது.

ஆப்பிள் 2003-இல் போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறிற்று. ஓபன்பிஎஸ்டி 2014-இல் தானே எழுதிய வழங்கிக்கு மாறிற்று. பெர்க்லி மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டியோ 2023-இல் வெளியான 14-ஆம் பதிப்பில்தான் செண்ட்மெயிலை இயல்பிருப்பிலிருந்து இறக்கி, டிஎம்ஏ என்னும் சிறு நிரலை அவ்விடத்தில் வைத்தது. அங்கும் பிற நிரல்கள் அழைக்கும் கோப்பின் பெயர் செண்ட்மெயில்தான்.