வீட்டுத் தொட்டியில் சுறா: முட்டை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரெங்கம் - செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ரெங்கம், கடலை ஒட்டிய ஊர் அன்று. கடலைப் பார்க்க மேற்கே பொந்தியானுக்கோ பத்து பகாட்டுக்கோ, கிழக்கே மெர்சிங்கிற்கோ போக வேண்டும். இப்படிப்பட்ட உள்நாட்டு ஊரிலும் உப்புநீர்த் தொட்டி அமைத்துச் சிறிய சுறாவை வளர்க்க முடியும். ஆனால், சுறாவை வாங்குவதை விட அதற்குத் தேவையான கடல்நீரை வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பதே பெரிய வேலை.

பெயரில் மட்டும் சுறா

மீன் கடைகளில் 'பாலா ஷார்க்', 'ரெட் டெயில் ஷார்க்' என்று விற்கப்படுபவை சுறாக்கள் அல்ல. அவை நன்னீரில் வாழும் கெண்டை இனத்தைச் சேர்ந்தவை. 'இரிடெசென்ட் ஷார்க்' என்பது பாசாரில் குழம்புக்கு வாங்கும் பாத்தின் வகைக் கெளுத்தி. உண்மையான சுறாவுக்கு எலும்பு இல்லை. உடல் முழுவதும் குருத்தெலும்புதான்.

எந்தச் சுறா ஏற்றது?

வீட்டுத் தொட்டிக்கு ஓரளவு ஏற்றவை மூங்கில் சுறாக்கள். மலேசியக் கடலிலேயே வாழும் இவற்றை மீனவர்கள் 'யூ சிச்சாக்' என்பார்கள். மலாயில் யூ என்றால் சுறா, சிச்சாக் என்றால் பல்லி. இவை கடலடியில் அசையாமல் படுத்தபடியே வாயால் நீரை இழுத்துச் செவுள் வழியே வெளியேற்றி மூச்சுவிடும். கருமுனைப் பவளப்பாறைச் சுறா போன்றவை ஓயாமல் நீந்த வேண்டியவை. ஒன்றரை மீட்டருக்கும் வளரும் அவற்றை வீட்டில் வைக்கவே கூடாது.

குட்டிப் பருவத்தில் மூங்கில் சுறாவின் உடலில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அழகாக இருக்கும். பழுப்புப் பட்டை மூங்கில் சுறா முட்டையிலிருந்து வெளிவரும்போது சுமார் 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். வளர்ந்தபின் பட்டைகள் மங்கிப் பழுப்பு நிறமாகும். நீளம் 1 மீட்டரை எட்டும். 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. அதாவது, பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆசைப்பட்டதற்காக வாங்கும் சுறா, அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் காலத்திலும் வீட்டில் இருக்கும்.

முட்டையைச் சோதிப்பது எப்படி?

மூங்கில் சுறா ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள் இடும். தோல் பை போன்ற அந்த முட்டை பொரிய ஏறக்குறைய 4 மாதங்கள் ஆகும். நீருக்குள் வைத்தபடியே பின்னால் கைவிளக்கைப் பிடித்தால், கருவுற்ற முட்டையில் மஞ்சள் கருவும் அதையொட்டி நெளியும் குட்டியும் தெரியும். எதுவும் அசையாத முட்டையை வாங்க வேண்டாம். குட்டி வரத் தாமதமானாலும் முட்டையைக் கிழிக்கக் கூடாது. வெளிவந்த குட்டி, வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தீரும்வரை சில நாட்கள் உண்ணாமல் இருப்பது இயல்பு.

தொட்டியும் எடையும்

வளர்ந்த சுறாவுக்கு ஆழத்தை விடத் தரைப்பரப்பே முக்கியம். இரண்டரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொண்டால் அது 1,800 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 1.8 டன்னுக்கு மேல். பழைய லயத்துப் பலகைத் தரையும் தாமான் வீட்டு மேல்மாடியும் இதற்கு ஏற்ற இடமல்ல. தரைத்தளத்தில், உறுதியான சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும்.

அடியில் மென்மையான மணல் போட வேண்டும்; கூரான பவளத் துண்டுகள் வயிற்றைக் கிழித்துவிடும். பகலில் ஒளிந்துகொள்ளக் குகை போன்ற மறைவும், வெளியே துள்ளாதபடி கனமான மூடியும் தேவை.

நீரின் கணக்கு

1 லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், 1,800 லிட்டருக்கு 63 கிலோ வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல்நீருக்கென்று தயாரிக்கப்படும் உப்புக் கலவையே தேவை. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அதற்கு மட்டும் 6 கிலோவுக்கு மேல் உப்பு செலவாகும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

புதுத் தொட்டியில் உடனே சுறாவை விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 8 வாரங்கள் வரை ஆகலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே விட வேண்டும். வெப்பம் 24 முதல் 26 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நம் நாட்டு வெயிலில் இதற்குக் குளிர்விப்பான் வேண்டும். அது மின்கட்டணத்தில் தெரியும்.

தீனியும் மருந்தும்

கணவாய், இறால், கடல் மீன் துண்டுகள் போதும். வளர்ந்த சுறாவுக்கு வாரம் 2 அல்லது 3 முறை கொடுத்தால் போதுமானது. கோழி, மாட்டிறைச்சி கூடாது. அயோடின் குறைந்தால் சுறாவுக்கும் தொண்டைக்கழலை வரும் என்பதால், அதற்குரிய சத்து மருந்தைத் தீனியோடு சேர்ப்பார்கள். மீன் நோய்க்கு விற்கப்படும் செம்பு கலந்த மருந்துகள் சுறாவைக் கொன்றுவிடக்கூடும். சிறிய மீன்களைக் கூட விட்டால் அவை அதற்கு இரையாகும்.

மின்தடைக்கு ஏற்பாடு

இடி மின்னலோடு மழை பெய்து மின்சாரம் நின்றால் முதலில் குறைவது நீரிலுள்ள ஆக்சிஜன்தான். பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் மோட்டார் ஒன்றாவது வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

அழிவை எதிர்நோக்கும் மீன்களுக்கான 1999ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ், திமிங்கலச் சுறா மலேசியாவில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 2019இல் சில சுத்தியல் தலைச் சுறாக்களும் மந்தா திருக்கைகளும் பட்டியலில் சேர்ந்தன. மூங்கில் சுறா அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், இழுவை வலைகளில் ஏராளமாகச் சிக்கும் இனம் அது. ஆகவே கடலில் பிடித்த பெரிய சுறாவை விட, தொட்டியில் இடப்பட்ட முட்டையை வாங்குவதே நல்லது.

வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ கடலிலோ விடக் கூடாது. ஆற்றில் உப்பின்றிச் சாகும். கடலில் விட்டால் தொட்டி நோய்களும் கூடவே போகும். பெரிதானால் யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதை வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொள்ள, வேலை தெரிந்த ஒருவரும் வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காதவரை முட்டையை வாங்காமல் இருப்பதே நல்லது.