கூட்டணி என்னும் சொல்

தேர்தலை முன்னிட்டுக் கட்சிகள் ஒன்றுசேர்வதைக் 'கூட்டணி' என்கிறோம். கூட்டு, அணி என்னும் இரண்டும் சேர்ந்த சொல் இது. அணி என்பது அழகையும் அணிகலனையும் குறிப்பதோடு படை வரிசையையும் குறிக்கும். ஆகவே, தத்தம் கொடியைக் கைவிடாது, பொதுப் பகையை எதிர்த்து ஒரே வரிசையில் நிற்றல் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கலந்து ஒன்றாதல் வேறு. அருகருகே நிற்றல் வேறு.

சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கிருந்தபோது காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 58ஆம் பாட்டாக உள்ளது. ஒருவர்க்கொருவர் துணையாகுங்கள், இடையே புகுந்து பிரிக்க முயல்வோர் சொல்லுக்குச் செவி கொடாதீர்கள் என்பது புலவரின் வேண்டுகோள். இப்பாட்டின் துறைக்கு 'உடனிலை' என்று பெயர். எத்துணை நயமான சொல்! தலைவர்கள் மேடையில் கைகோத்து நிற்கும் நிழற்படங்களின் அடியில் பொறிக்கத்தக்கது.

நாம் வாழும் ஐதராபாத்து வேறொரு வகை உறவைக் கண்டது. 1798 செப்டம்பரில் நிஜாம் அலிகான் ஆங்கிலக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கு ஆங்கிலேயர் நேசவுறவு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தமிழ்ப் பாடநூல்களோ அதனைத் 'துணைப்படைத் திட்டம்' என்றே வழங்கின. பெயர்த்தவர் யாராயினும் உண்மையை உரைத்தார் என்பது என் கருத்து. படை கம்பெனியினுடையது, செலவு நிஜாமினுடையது. அவரிடமிருந்த பிரெஞ்சுத் தளபதிகளின் படை அவ்வாண்டிலேயே கலைக்கப்பட்டது. 1800இல், படைச் செலவுக்கு ஈடாக, மைசூர்ப் போர்களில் தாம் பெற்ற கடப்பை, பெல்லாரி முதலிய நிலங்களையும் அவர் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தார். அந்தப் படை தங்கிய பாளையமே பின்னர்ச் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத்து ஆயிற்று. இதனை உடனிலை என்று எந்தப் புலவரும் பாடியிரார்.

அவ்விரு நகர்களுக்கும் இடைப்பட்ட நம் பேகம்பேட்டையோ திருமண உறவால் பெயர் பெற்றது. நிஜாம் குடும்பத்துப் பஷீருன்னிசா பேகம் பைகா பிரபுவை மணந்தபோது சீதனமாகப் பெற்ற நிலம் இது என்பர். அரசியல் கூட்டைக் குறிக்க இந்தியில் வழங்கும் 'கட்பந்தன்' என்ற சொல்லும், மணமக்களின் ஆடைகளை முடிச்சிடும் சடங்கின் பெயரே. முடிச்சு அவிழும் என்பதை அச்சொல்லை ஆண்டோர் எண்ணினரோ, இல்லையோ!

தெலுங்கர் 'கூட்டமி' என்பர். 2009 தேர்தலில் 'மகா கூட்டமி', 2018இல் 'பிரஜா கூட்டமி' என்று இவ்வூர்ச் சுவர்களிலேயே நாம் கண்டோம். நம் 'கூடு' என்னும் வேரே அங்கும் விளங்குகிறது. மலையாளத்தார் போர்க்களத்தை விடாது 'முன்னணி' என்கின்றனர்.

தமிழ்நாட்டில் 1967இல் தி.மு.கழகமும் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் பிறரும் ஒரே அணியில் நின்று வென்றனர். அமைச்சரவையோ கழகத்தார் மட்டுமே அமைத்தது. வரிசையில் நின்றோர் அனைவரும் அரியணையில் அமரவில்லை. தேர்தல் கூட்டணிக்கும் கூட்டணி ஆட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இக்காலத்துச் சிலர் கூட்டணி ஆட்சியைக் 'கூட்டாட்சி' என்றே எழுதிவிடுகின்றனர். கூட்டாட்சி என்பது நடுவணரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. ஒரே கட்சி ஆளும்போதும் அது உண்டு.