கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கலாசாலைகள்

பீளமேட்டிலுள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் படித்துத் தேறியிருப்பார்களானால், 1960-ஆம் ஆண்டுவாக்கில் தேறிய பாட்டனாரின் பட்டத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் முத்திரையையும், 1990-இல் தேறிய தந்தையின் பட்டத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் முத்திரையையும், நாளது வருஷத்தில் தேறும் பேத்தியின் பட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் முத்திரையையும் காணலாம். கல்லூரியோ அவினாசி சாலையில் தான் நின்ற இடத்தை விட்டு அங்குலமும் நகரவில்லை.

இந்த இடமாற்றங்களைக் காகித விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகியவற்றோடு, மாணவன் எந்தக் கூட்டத்தாரோடு சேர்ந்து ஓடி ஆடுவான் என்பதையும் கல்லூரியின் இணைப்பே தீர்மானிக்கிறது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயங்களில் ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்தப் பெயரோடு களமிறங்குகிறது. ஆனால் அவற்றில் சோபித்தவர்களைப் பொறுக்கியெடுத்து அமைக்கும் அணியில் இடம்பெற்றவன், கல்லூரிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சர்வகலாசாலையின் சட்டையை மாட்டிக்கொண்டுதான், 1935-இல் தொடங்கிய ரோஹின்டன் பாரியா கிரிக்கெட் கோப்பைக்கோ, சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரால் வழங்கும் கால்பந்துக் கோப்பைக்கோ போராட முடியும். ஆகவே சர்வகலாசாலை மாறினால் அவனுடைய தோழர்களும் எதிரிகளும் சேர்ந்தே மாறுகிறார்கள்.

1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் ஆதிக்கம் ஆரம்பத்தில் எவ்வளவு விஸ்தாரமானது என்பதற்கு, அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை என்பதே போதிய சாட்சி. பின்னர் மைசூர் 1916-லும், ஆந்திரம் 1926-லும், திருவிதாங்கூர் 1937-லும் தத்தமக்கென்று சர்வகலாசாலைகளை அமைத்துக்கொண்டன. 1966-இல் மதுரை பிரிந்து தென்பாண்டிச் சீமையின் கல்லூரிகளைத் தன்னோடு அழைத்துக்கொண்டது. கொங்கு நாடோ சென்னைச் சர்வகலாசாலை வீற்றிருந்த சேப்பாக்கத்தை நோக்கியே இருந்தது. 1852-இல் பள்ளிக்கூடமாகப் பிறந்து கலாசாலையாக வளர்ந்த கோயமுத்தூர் அரசினர் கல்லூரி தொடங்கி, 1947-இல் பி.எஸ்.ஜி. கலைக்கல்லூரி, 1948-இல் நிர்மலா மகளிர் கல்லூரி, 1954-இல் ஈரோட்டுச் சிக்கய்ய நாயக்கர் கல்லூரி, 1956-இல் சி.ஐ.டி. எனப்படும் கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி, 1957-இல் பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி என்று பஞ்சாலை முதலாளிகளும் நிலக்கிழார்களும் கிறிஸ்தவத் துறவியரும் போட்டி போட்டுக்கொண்டு ஸ்தாபித்த அத்தனையும், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் வினாத்தாளுக்காகக் காத்திருந்தன. 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் அந்தச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக ஏ. லட்சுமணசுவாமி முதலியார் ஒருவரே வீற்றிருந்தார். மேலிடம் மாறக்கூடிய ஒன்று என்ற எண்ணமே கொங்கு நாட்டுப் பேராசிரியர்களுக்கு உண்டாகாமற் போனதில் வியப்பில்லை. சென்னையில் காரியமென்றால் நீலகிரி எக்ஸ்பிரஸில் இராப் பிரயாணம் செய்துவிட்டு வருவது அவர்களுக்கு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

மேலிடத்தின் விதிகளோடு முட்டிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1945-இல் அன்றைய கவர்னரின் பெயரால் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி என்று தொடங்கி, இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்கும் ஸ்தாபனத்துக்கு மூலகாரணர் ஜி.டி. நாயுடு. நான்காண்டுகள் நீளும் பொறியியல் படிப்பு கால விரயம், பட்டறையிலே கையை வைத்துக் கற்பவனுக்கு அதில் பாதியே போதும் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். அரசு இணங்கவில்லை, நாயுடு விலகிக்கொண்டார். அவருடைய கணக்கு முழுவதும் சரியென்று நான் வாதிக்க வரவில்லை. ஆயினும், பட்டம் வழங்கும் அதிகாரம் தொலைதூரத்தில் இருக்கும்போது, உள்ளூர்க்காரன் ஒருவனுடைய சோதனைக்கு இடமே இல்லாமற் போகிறது என்பதை அந்த விலகல் அன்றே புலப்படுத்திற்று.

முதலில் கூடு மாறியது விவசாயக் கல்லூரி. சைதாப்பேட்டையில் பிறந்து 1906-இல் கோயமுத்தூருக்குக் குடியேறி, 1920-இல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்த அது, 1971-இல் தானே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அடுத்த அசைவு 1978-இல் வந்தது. கோத்தாரிக் கல்விக் கமிஷன் சிபாரிசு செய்திருந்த தன்னாட்சித் திட்டத்தை, மால்கம் ஆதிசேஷையா துணைவேந்தராக இருந்த காலத்தில் சென்னைச் சர்வகலாசாலை கையிலெடுத்தபோது, அவ்வாண்டிலேயே அந்த உரிமையைப் பெற்ற மிகச் சிலவற்றுள் பி.எஸ்.ஜி.யின் கலைக்கல்லூரியும் இருந்தது. பாடமும் பரீட்சையும் கல்லூரியுடையவை, பட்டம் மட்டும் சர்வகலாசாலையுடையது என்பது ஏற்பாடு. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வராயிருந்து அதை உருவாக்கிய ஜி.ஆர். தாமோதரனே எழுபதுகளின் இறுதியில் சென்னையின் துணைவேந்தர் ஆசனத்தில் அமர்ந்தார் என்பதும், அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள்ளாகவே கோயமுத்தூர் சென்னையை விட்டுப் பிரிந்தது என்பதும் சரித்திரத்தின் விளையாட்டுகளுள் ஒன்று.

1982-இல், மகாகவியின் நூற்றாண்டை ஒட்டி, மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகம் தோன்றிற்று. சென்னைச் சர்வகலாசாலை கோயமுத்தூரில் நடத்திவந்த முதுகலை மையமே அதற்கு வித்து. கோயமுத்தூர், ஈரோடு அடங்கிய பெரியார், நீலகிரி மாவட்டங்களின் கலை, விஞ்ஞான, பொறியியல், வைத்தியக் கல்லூரிகள் அனைத்தும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஆனால் எல்லை வகுத்தவர்கள் மாவட்டப் படத்தைப் பார்த்தார்களேயன்றிக் கொங்கு நாட்டைப் பார்க்கவில்லை. திருச்சி மாவட்டத்தில் இருந்த பாவத்துக்காகக் கரூர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. சேலம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லும் திருச்செங்கோடும் சென்னையிடமே தங்கி, 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் எழுந்த பிறகே அதனிடம் சேர்ந்தன. இதனால் காவிரிக்கு இக்கரையில் பவானி பாரதியாரின் ஆட்சியிலும், பாலத்தைக் கடந்தால் குமாரபாளையம் சென்னையின் ஆட்சியிலுமாகப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. ஒரே சந்தைக்குப் போய்வரும் ஊர்களின் பிள்ளைகள், சர்வகலாசாலை அணி என்று வந்தால் ஒருவரையொருவர் அந்நியராகவே சந்திக்க வேண்டியிருந்தது.

அமெரிக்க தேசத்தில் இதே விஷயம் நேர்மாறாக நடக்கிறது. அங்கே சர்வகலாசாலைகள் தாமே கூடிப் பந்தயச் சங்கங்களை அமைத்துக்கொள்கின்றன. தாமே அவற்றை உதறிவிட்டும் போகின்றன. 1896-இல் உதித்த 'பிக் டென்' சங்கம், பத்து என்ற பெயரை வைத்துக்கொண்டே இன்று பதினெட்டு அங்கத்தினரோடு திகழ்கிறது. பசிபிக் கரையின் பழைய சங்கத்திலிருந்து 2022-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் இரு பெரும் சர்வகலாசாலைகள் விலகுவதாக அறிவித்ததும், மற்றவையும் தொடர்ந்து வெளியேறி, 2024-க்குள் பன்னிரண்டில் இரண்டே எஞ்சின. ஸ்டான்போர்டு, பசிபிக் கரையில் இருந்துகொண்டே அட்லாண்டிக் கரைச் சங்கத்தில் அங்கம் வகிக்கிறது! இத்தனைக்கும் காரணம் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் தொலைக்காட்சி உரிமைக்குக் கிடைக்கும் பெரும் பணம். கொங்கு நாட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் எந்தக் கல்லூரியும் ஆட்டத்தின் பொருட்டு வீடு மாறியதில்லை, மாற்றியது எப்போதும் சட்டசபையே. கல்லூரி தானே விரும்பி வெளியேறும் வாசல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து. தி.சு. அவினாசிலிங்கம் நிறுவிய மனையியல் கல்லூரி 1988-இல் அவ்வாசல் வழியே சென்று, தன் மாணவியரைத் தன் பெயரிலேயே அனுப்பும் தகுதியை அடைந்தது.

பிரதேசத்தைக் கொண்டு பிரித்ததில் அபத்தங்கள் இருந்தபோதிலும், அதன் நோக்கத்தை ஒப்புக்கொள்ளலாம். பிற்பாடு தொழிலைக் கொண்டு பிரித்ததை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை. 1988-இல் வைத்தியக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. சட்டக் கல்லூரியும் தொண்ணூறுகளில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சென்றது. 2001-இல் செய்த சட்டத் திருத்தம் பொறியியல் கல்லூரிகளை அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்த்தது. இருபது ஆண்டுகள் கூடச் சென்றிராத ஒரு கூட்டுக் குடும்பம் இவ்வாறு கலைந்தது. வைத்தியம் படிப்பவனும் இயந்திரம் படிப்பவனும் தமிழ் இலக்கியம் படிப்பவனும் ஓர் அணியில் தோளோடு தோள் நின்று ஆடும் வாய்ப்பும் போயிற்று. அண்ணா பல்கலைக்கழகமோ அதோடு நிற்கவில்லை. 2007-இல் அது துண்டுகளாகி, கோயமுத்தூருக்கென்று ஒன்று ஜோதிபுரத்தில் அமைந்து, 2012-இல் மீண்டும் மூலத்தோடு கலந்துவிட்டது. 2009-இல் அதன்கீழ்ச் சேர்ந்த மாணவன், கல்லூரி மாறாமலே, படிப்பின் நடுவில் சர்வகலாசாலை மாறினான்.

இன்றைய நிலையில் பி.எஸ்.ஜி. தருமஸ்தாபனத்தின் கலைக்கல்லூரி பாரதியாரிடமும், தொழில்நுட்பக் கல்லூரி அண்ணாவிடமும், 1985-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆரிடமும் இருக்கின்றன. 1926-இல் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வரும் தங்கள் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதைத் தருமத்துக்கு ஒதுக்கியதால் உண்டான ஒரே ஸ்தாபனத்தின் பிள்ளைகள் மூவர், தென் மண்டலப் பந்தயத்தில் மூன்று வெவ்வேறு சட்டைகளோடு எதிரெதிரே நிற்க நேரலாம். ஊருக்குள் நடக்கும் கல்லூரிப் பந்தயங்களில் மட்டும் இந்த வரம்புகளை யாரும் பொருட்படுத்துவதில்லை, பி.எஸ்.ஜி.க்கும் சி.ஐ.டி.க்கும் ஆட்டமென்றால், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொண்டு ஒருவரும் மைதானத்துக்கு வருவதில்லை.